ஓடையைத் தாண்டிய தோட்டா

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து உன் மனைவி ஆள் மூலம் ஒரு தோல்பெட்டி கொடுத்தனுப்பினார். "அவிய சாமான், நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டிருந்தார். திறந்ததும் துப்பாக்கி எண்ணெயின் வாடை. உள்ளே ஒரு பழந்துணியில் சுற்றிய ஐந்து தோட்டாக்கள். நுனிவரை நிக்கல் உறை போட்ட பட்டாளத் தோட்டாக்கள். அன்றைக்கே ஓடையில் வீசியிருப்பாய் என்று நம்பியிருந்தேன். பத்து வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாய்!

நீ மண்ணுக்குள் போய் ஒரு மாதம் ஆகிறது. என் கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

நீ ரைஃபிள் வாங்கிய அன்று மதுரைக் கடைக்கு நானும்தான் வந்தேன். மிளா மான் வேட்டைக்கு என்றதும் கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார்.

"நுனியில ஈயம் தெரியுது பாருங்க. உள்ள போனதும் விரிஞ்சு அங்கனயே நின்னுரும். மிளா நாலு எட்டுக்குள்ள விழுந்துரும். முழுக்க உறை போட்டது அதுக்கு ஆகாது. இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துரும். அதுக்குப் பொறவு எங்க போகும்னு சுட்டவனுக்கே தெரியாது."

நூற்றைம்பது கஜத்துக்கு மேல் சுடவே வேண்டாம் என்றும் சொன்னார். தலையாட்டி அந்த டப்பாவை வாங்கினாய். தெருவுக்கு வந்ததும், "கடைக்காரன் நமக்குப் பாடம் எடுக்கான்" என்று சிரித்தாய். போன யுத்தத்துக்குப் போய்வந்தவன் அல்லவா நீ! மலைக்கு நீ கொண்டுவந்தது, பட்டாளத்துச் சிநேகிதன் கொடுத்த இந்தத் தோட்டாக்களை.

மகாராஜபுரத்துக்கு மேற்கே, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பாறையில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறிய பிறகு எதிர்ச்சரிவில் மிளா வந்து நின்றது. பெரிய கொம்பன். நீ துப்பாக்கியை எடுத்தாய்.

"ஏலே, முந்நூறு கஜம் இருக்கும்லே. செத்த நேரம் பொறு, தண்ணிக்கு இறங்கும்" என்றேன்.

"பட்டாளத்துல ஐநூறு கஜத்துல அடிச்சவன் நான்."

"அங்க குறி வச்ச அட்டைய அடிச்ச. அட்டை நகராது. அதுக்குப் பின்னால புல்லுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியலையே."

நீ சுட்டாய். மிளா வயிற்றை ஒடுக்கிக்கொண்டு துள்ளி ஓடியது. சரிவிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

ஆடு மேய்க்க வந்த வேலம்மா. மிளாவின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு போன தோட்டா அவளுடைய இடது முழங்காலுக்குக் கீழே எலும்பை நொறுக்கியிருந்தது. என் துண்டால் இறுக்கிக் கட்டினேன். நீ சும்மா நின்றாய். அவளை வண்டியில் ஏற்றியபோது நினைவு தப்பியிருந்தாள். அப்போதுதான் என் கையைப் பிடித்தாய்.

"எவனோ திருட்டு வேட்டைக்காரன் சுட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லுவோம். நான் செயிலுக்குப் போனா எம்புள்ளைகளுக்கு யாருடா இருக்கா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தா நான். சாட்சிகள் சத்தியம் செய்வதைக் கேட்டுக்கேட்டே வயதானவன். அப்படிப்பட்ட நான் போலீஸ்காரரிடம் நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் பாராட்டினார். வேலம்மாவின் காலை எடுத்துவிட்டார்கள். மிளா மூன்றாம் நாள் வயிறு வீங்கி ஓடைத் தண்ணீரில் செத்துக் கிடந்ததாக ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். காயம்பட்டதைத் தேடிப்போய் அதன் வேதனையை முடிக்க வேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. வேலம்மா வீட்டுப் பக்கமும் நீ ஒருநாள்கூடப் போகவில்லை.

உன்னை அடக்கம் செய்தபோது பாதிரியார், "குறி தவறாத கை" என்று பேசினார். கூட்டம் அழுதது. நான் கல்லறைத் தோட்டத்தின் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

போன வாரம் மகாராஜபுரம் போனேன். வேலம்மா வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்யா. காலுல பட்ட பொறவுதான் எனக்கு வெடிச்சத்தமே கேட்டுச்சு, தூரத்துல இருந்து. ஓடைக்கு அங்கிட்டு, பாறையில ரெண்டு பேரு எந்திரிச்சு நின்னீக. வேற ஆளு யாரு இருந்தா?"

"ஏன் சொல்லலை?"

"யாருகிட்ட சொல்ல? ஒங்க ரெண்டு பேராலதான் நான் பொழச்சேன்னு ஊரு பூரா பேச்சு. அவிய ஒரு நாளாவது வந்து சொல்லுவாகன்னு பாத்தேன். போய்ச் சேந்துட்டாகளாக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் அவிய செத்த பொறவுதான வாரீக?"

நடந்ததை எழுதி நாளை போலீஸில் கொடுக்கப் போகிறேன். என் வேலை போகலாம். உன் பெயர் கட்டாயம் போகும். உன் மனைவி என்னை மன்னிக்கமாட்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்திருந்தால் நீ பதில் சொல்லியிருக்க வேண்டும். இனி யாரும் உன்னைக் கேட்க முடியாது, தப்பித்துவிட்டாய். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் வேலம்மா கேட்டதுதான் முதலில் வந்து நிற்கிறது. அதில் உன் பெயர் இல்லை. அது எனக்கு மட்டுமே.