கிடை போட்ட வயலில் கீரை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். மூட்டுவலித் தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. விதைப்புக்கு முன் வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டால் புழுக்கை உரமாகும் என்று நம் ஊர் வழக்கத்தை, நான் ஆடு மேய்க்கும் பண்ணையின் முதலாளியிடம் சொன்னேன். இந்தப் பக்கத்தில் யாரும் செய்ததில்லையாம். பக்கத்து வயல்காரர் துணிந்து இடம் கொடுத்தார். பயிர் செழித்து வந்தது. கூடவே களையும் வந்தது. ஆடுகள் மேய்ந்த விதையெல்லாம் புழுக்கையோடு இறங்கியிருக்கிறது.

"உரத்தோட களையையும் சேத்துக் குடுத்துட்டே. நீயே வந்து பிடுங்கு" என்றார் வயல்காரர். மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். கவலைப்படாதே, வேலை இருக்கிறது.

குனிந்து பார்த்தால் பாதிக்கு மேல் நீ கடையும் பருப்புக்கீரை. துண்டில் கட்டிக்கொண்டேன்.

"இதையா திம்பே?" என்று சிரித்தவர், தானும் உட்கார்ந்து பிடுங்கினார். அடுத்த விதைப்புக்கும் கிடை வேண்டுமாம். ஆடுகளுக்கு இரண்டு நாள் வைக்கோல் மட்டும் போட்டு, வயிறு சுத்தமானபின் ஓட்டி வரச் சொல்லியிருக்கிறார். அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை, பார்.

அறுவடை முடிந்து நேற்று உழுதார். ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டார். ஏன் என்றேன்.

"உன் கீரைக்குத்தான்" என்றார்.

கீரைக்கு எத்தனை பல் பூண்டு, மூடி வேகவைக்கலாமா என்று எழுது. போனில் சொல்லாதே. சமைக்கும்போது உன் கையெழுத்து பக்கத்தில் இருக்கட்டும்.

ஆடுகள் கத்துகின்றன, ஓடுகிறேன்.

உன் மகன்