தெரிஞ்சிது, தெரியல

செங்கல்பட்டு,
4-3-1974

சௌபாக்கியவதி ரங்கநாயகிக்கு ஆசீர்வாதம்.

நம் பெண் படுக்கையிலேயே இருக்கிறாளா? பிரசவம் ஆகும்வரை எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மீற விடாதே.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் எங்கள் கம்பெனி பஸ் கவிழ்ந்ததே, அதற்கு வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. ஆபீசில் இடமில்லை என்று ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மானேஜர் ராஜாராம் கேட்பார், சாட்சிகள் சொல்வதை நான் எழுதிக்கொள்ள வேண்டும். வெறும் மண்டபம். சட்டைப்பையில் இருக்கும் காது மெஷினை முழுக்கத் திருகியும், ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் வந்து விழுந்தது. டிரைவர் எல்லப்பன் குடித்திருந்தானா என்று, அந்தப் பஸ்ஸில் வந்த, மாமல்லபுரத்தில் மீன் விற்கும் பொன்னியைக் கேட்டார்கள். "குடிச்சாப்ல தெரிஞ்சிது" என்று எழுதினேன். "தெரியல" என்று சொல்லியிருப்பாளோ என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உண்டா இல்லையா என்பது நம் பாஷையில் சொல்லின் கடைசியில்தானே வருகிறது. மண்டபம் அதைத்தான் விழுங்கியது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்துவிட்டாள். எல்லப்பனுக்கு வேலை போகும், போலீஸ் கேசும் வரும்.

வீட்டில் எனக்கு இப்படி ஆவதில்லையே.

வேதாந்தம்


மதுராந்தகம்,
7-3-1974

அநேக நமஸ்காரம்.

பெண்ணுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். வீட்டிலும் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு, எதிரே வந்து நின்று, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். மூன்று வருஷமாக. மெஷின் நல்ல மெஷின் என்று நீங்கள் சந்தோஷப்பட்டதால் சொல்ல மனம் வரவில்லை.

ராஜாராமிடம் வாயைத் திறக்காதீர்கள். காது கேட்காத குமாஸ்தாவை யார் வைத்துக்கொள்வார்கள்? தப்பாக எழுதியது நிச்சயமா? இல்லையே. விட்டுவிடுங்கள். என்மேல் ஆணை.

ரங்கநாயகி


செங்கல்பட்டு,
12-3-1974

ரங்கநாயகிக்கு,

உன் ஆணையை மீறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய்ப் பொன்னியைத் தேடிப் பிடித்தேன். கடற்கரையில் அலைச் சத்தம், ஒன்றும் புரியவில்லை. உன்னை நினைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லும்மா என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "குடிச்சாப்ல தெரியலன்னுதான் அன்னிக்கே சொன்னேன், சாமி. மாடு குறுக்க வந்துச்சி. நீ இன்னா எழுதிக்கினே?"

நேற்று ராஜாராமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏதோ பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை என்றேன். ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். பொன்னியை மறுபடி விசாரிப்பார்களாம். அதுவரை எல்லப்பன்மேல் நடவடிக்கை இல்லை. நான் மறு உத்தரவு வரும்வரை ஆபீசுக்கு வரவேண்டாமாம்.

மூன்று வருஷம் நீ பட்ட சிரமம் எனக்குத் தெரியாமலே போயிற்று. நீ என்ன சொல்வாயோ என்று தபால்காரரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

வேதாந்தம்


மதுராந்தகம்,
16-3-1974

அநேக நமஸ்காரம்.

நேற்றுக் காலை பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. இருவரும் நலம்.

வேலையை நினைத்தால் எனக்கும் பயம்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எல்லப்பன் வீட்டிலும் ஒருத்தி சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் காது விஷயத்தை மாப்பிள்ளையிடம் நானே சொல்லிவிட்டேன். இனி யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

என் ஏழாம் தேதிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதல் ரயிலுக்கே புறப்பட்டு வாருங்கள்.

ரங்கநாயகி