மிதிபடகில் சம்பந்தியம்மா

ஜூன் 3, செவ்வாய்

ரோடு போட மண் எடுத்த குழி. மழையில் நிரம்பியதும் கரை கட்டி, ஏரி என்று பலகை வைத்துவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீர். விழுந்தால் குளிக்கலாம், அவ்வளவுதான். அதில் என் பேத்தி மிதிபடகு விடுகிறாள். எங்கள் வம்சத்திலேயே படகுக்காரி அவள்தான் முதல். பால்காரரிடம் சொன்னேன். நேற்றும் சொன்னேனாம்.

ஜூன் 5, வியாழன்

ஒருவரும் ஏறவில்லை. “குட்டையில படகா?” என்று சிரிக்கிறார்கள். மாதம் முடிவதற்குள் ஆள் சேராவிட்டால் படகைத் தூக்கிவிட வேண்டும் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டாராம். பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

நான் ஏறுகிறேன் என்றேன்.

“ஒருத்தரா ஏறினா ஒரு பக்கமா சாயும் பாட்டி. ரெண்டு பேர் வேணும்.”

கேட்ட பெண்களுக்கெல்லாம் திடீரென்று முட்டிவலி. சரி என்றவள் ஒருத்திதான் – மருமகளின் அம்மா. அவளுக்கும் பேத்தியாம்! பேத்தி பிறந்த அன்று எட்டிப் பார்த்து, “மூக்கு உங்க பக்கம், பாவம்” என்றவள். அன்றோடு பேச்சில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஏறினோம். மகாராணி மாதிரி கையசைத்தேன். நடு ஏரியில் படகு நின்றது.

“மிதிங்க சம்பந்தியம்மா.”

“நீங்கதான் நிறுத்தினீங்க. உங்க வீட்டுல யாருக்குத்தான் உடம்பு வணங்குது?”

என் வீட்டையா! பேச்சில் அந்தப் பழைய மூக்கு வந்தது. கல்யாணத்துக்கு அவர்கள் கொடுத்த கால் ஆடும் கட்டில் வந்தது. என் பல்செட்டும் வந்தது. தண்ணீர்மேல் சத்தம் இப்படி ஓடும் என்று யார் கண்டார்கள்? திரும்பினால் கரை முழுக்க ஊர். கறிக்கடைக்காரர் கத்தியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை மானத்த வாங்கிட்டேனே. படகும் போச்சு. எனக்கு எதுக்கு இந்த வாய்?

ஜூன் 9, திங்கள்

பேத்தி முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கரையில் கூட்டமாம். “பெரியம்மாங்க இன்னைக்கு ஏறலையா?” என்று கேட்டு நின்றவர்கள், பொழுது போகாமல் அவர்களே படகில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். பேத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“கிளம்பு பாட்டி. அந்தப் பாட்டி ரெடி.”

“மானம் போச்சுன்னு மூஞ்சியத் தூக்கிட்டிருந்தியே?”

“போனது போகட்டும். கொஞ்சம் சத்தமா பேசு.”

ஜூன் 28, சனி

இரண்டாவது படகு வந்துவிட்டது. தலைவரே மனைவியோடு ஏறி இறங்கினார்; படகைத் தூக்கும் பேச்சே இல்லை.

எங்களுக்குத்தான் சரக்கு தீர்ந்துவிட்டது. நாளைக்கு எதை வைத்துச் சண்டை போடுவது என்று கலந்து பேச அவள் வீட்டுக்கே போனேன். காபி கொடுத்தாள். சர்க்கரை பத்தவில்லை. வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு வந்தேன். நாளைக்கு ஆகும்.