கட்டு நனையாமல்

மதுரை,
செவ்வாய் மதியம்.

அன்பு ஆசிப் அண்ணனுக்கு, தங்கை நிலோபர் ஸலாம் சொல்லி எழுதுவது. சவூதி தம்மாமில் நீங்கள் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். இங்கே சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், அத்தா கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு வராந்தா ஜன்னலை ஒட்டிய கட்டிலில் படுத்திருக்கிறார். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அத்தாவின் வலது கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் என்று போன மாதம் சொன்னேனே, அது ஆறிக்கொண்டுதான் வந்தது. சர்க்கரை இருப்பதால் கட்டு நனையவே கூடாது என்று நர்ஸ் முத்துமீனா சொல்லியனுப்பினார். அத்தாவோ ஐந்து வேளைத் தொழுகைக்கும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்கிறவர். காலைக் கழுவ வேண்டாம், கட்டின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியும் அவருக்கு மனசு கேட்கவில்லை. நான் பெரிய புத்திசாலி இல்லையா, ஜவுளிக்கடைப் பாலித்தீன் பையைக் கட்டின் மேல் மாட்டி ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன். வேளைக்கு வேளை கழற்றுவானேன் என்று நான்கு நாள் அப்படியே விட்டோம். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்று பெருமை வேறு.

வெளித்தண்ணீர் போகவில்லைதான். ஆனால் இந்த வெயிலில் ஊறிய வியர்வையும் புண்ணின் நீரும் வெளியே போக வழியில்லை. நேற்றுப் பிரித்தபோது விரலைச் சுற்றித் தோல் வெள்ளைவெளேரென்று, வெகுநேரம் துணி துவைத்த கை மாதிரி ஊறிப் போயிருந்தது. முத்துமீனா பஞ்சால் தொட்டதும் பிய்ந்து வந்தது. அத்தாவுக்கு வலிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊறிய தோல் வழியாகக் கிருமி புகுந்து, சீழ் ஆழமாக இறங்கிவிட்டதாம். நாளைக் காலைக்குள் விரலை எடுக்காவிட்டால் பாதமே போய்விடும் என்கிறார் டாக்டர்.

அத்தா கையெழுத்துப் போட மறுக்கிறார். “பெருவிரல் தரையில ஊனாம, நெத்தியத் தரையில வச்சு நான் எப்படிம்மா சுஜூது செய்றது?” என்று கேட்கிறார். பையை யார் கட்டியது என்று டாக்டர் அதட்டியபோது, “நானேதான் கட்டுனேன்” என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை அண்ணே. வெட்கமாக இருக்கிறது.

இன்று சாயங்காலம் மஃரிபு பாங்குக்கு முன்னால் அவரைப் போனில் கூப்பிடுங்கள். அவரைத் திட்டிவிடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாலும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று நீங்கள் சொல்லுங்கள். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு முகமில்லை.

உங்கள் கை கால் சுகத்தை அல்லாஹ் காப்பானாக.

தங்கை,
நிலோபர்