சாயப்பட்டறைக்கு ஒரு ஜெபம்

1994 ஆகஸ்ட், ஞாயிறு இரவு.

போதகர் சொன்னதற்காகத்தான் போன வாரம் சாயப்பட்டறைக்காரர் வீட்டுக்குப் போனேன். எங்கள் கிணற்றைச் சிவப்பாக்கியது அவர் பட்டறைத் தண்ணீர். மஞ்சள்காமாலையில் கிடந்தவரின் தலையில் கைவைத்து ஜெபித்தேன். வாய் மட்டும்தான் ஜெபித்தது.

இன்று ஆராதனை முடிந்து வந்தால், சர்ச் வாசலில் அவர் மனைவி.

“உங்க சாமி கேட்டுருச்சுங்கக்கா. எந்திரிச்சு உக்கோந்துட்டாருங்க. நாளைக்கு மறுபடியும் பட்டறை தொறக்கறமுங்க. நீங்கதான் வந்து ஜெபம் பண்ணோணும்.”

“வர்றேனுங்க” என்றேன். கோபம்கூட வரவில்லை.

பைபிளில், நினிவே ஊரைக் கர்த்தர் மன்னித்ததற்கு யோனா கோபித்துக்கொண்டான். நிழல் தந்த ஆமணக்குச் செடி காய்ந்ததும் சாவு கேட்டான். அவனுக்கு ஒரு செடி. எங்களுக்கு அந்தச் சாயத் தண்ணீர் பாய்ந்து முருங்கைத் தோட்டமே காய்ந்து நிற்கிறது.

காலையில் நேரத்தோடு எழவேண்டும். பட்டறையில் மோட்டார் போடுவதற்கு முன் ஜெபம்.