இடது பக்கம்

அன்பு மகள் பில்யானாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். ஹாலிஃபாக்ஸில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இந்த வருஷம் சந்தையில் குடைமிளகாய் கொட்டிக் கிடந்தது. ஒரு மூட்டை வாங்கி பால்கனியில் சுட்டு, தோலுரித்து, தக்காளி சேர்த்துக் கிண்டி, லூதெனிட்சா ஜாடிகளை நிரப்பிவிட்டேன். மிளகாய் சுடுவது எப்போதும் உன் அப்பா வேலை. இந்த முறை அவர் பால்கனிப் பக்கமே வரவில்லை, நான் ஒருத்தியாகவே புகையில் நின்றேன். என்னம்மா விஷயம் என்று நீ போனில் கேட்டபோது அவர் போனைப் பிடுங்கி, "ஒண்ணுமில்ல கண்ணு, உங்கம்மாவப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒன்றுமில்லாமல் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், அவசரப்படாமல் முழுவதும் படி.

எங்கள் போலீஸ் பயிற்சி மையத்துக்குப் புது உத்தரவு ஒன்று வந்தது. சைரன் போட்டு வண்டி ஓட்டுகிற போலீஸ்காரர்கள் எத்தனை வருஷ அனுபவம் உள்ளவர்களானாலும் மறுபடி வந்து பயிற்சி எடுத்து, தேர்விலும் தேற வேண்டும். தேறாதவர்களுக்கு ரோந்து வண்டி கிடையாது. உன் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். பனியில் மலைச்சாலையில் பிரசவ வலிக்காரியை ஏற்றிக்கொண்டு வந்த லூபென் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவர், அதுவும் சொந்தப் பெண்டாட்டியிடம் வந்து பாடம் கேட்பதா. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் சைரன் போட்டு ஓட்டினப்போ உங்க பெரிய ஆபீசருங்க நடைவண்டி தள்ளிக்கிட்டு இருந்தாங்க" என்றார். நானும் விடவில்லை, "வீட்லதான் லூபென், என் கார்ல ஏறினா சார்ஜென்ட், வாயத் திறந்து பாடத்தச் சொல்லணும்" என்றேன். பயிற்சி தருவது மட்டும்தான் நான். வெள்ளிக்கிழமை தேர்வு வைப்பவர் உன் ஞானத்தந்தை ஸ்தாமென். ஞாயிறுதோறும் உன் அப்பாவோடு ராக்கியா குடிக்கிறவர் எப்படித் தேர்வு வைப்பார் என்று உனக்கே தெரியும்.

வாயைத் திறந்து சொல்வது என்றால் என்னவென்று உனக்கு நான் சொன்னதில்லை. வேகமாகப் போகிறவனுக்குத் தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம் என்ற நினைப்பு வந்துவிடும். அதனால் பயிற்சியில் கண்ணில் படுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்ட வைப்போம். முன்னால் லாரி, பிரேக் விளக்கு எரிகிறது, வலப்புறம் பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குகிறார், எதிரே சிவப்பு, நிற்கிறேன், இப்படி. சைரன் இருக்கிறதே என்று ஊர் வழிவிடாது. ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பவனுக்கு நம் சத்தம் கேட்பது தலைக்கு மேல் வந்த பிறகுதான். ஆகவே சைரனை நம்பாதே, கண்ணை நம்பு என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பாடத்தைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது.

புதன்கிழமை டவுனுக்குள் ஓட்டினோம். நான் அவர் பக்கத்தில், பின்னால் இரண்டு இளம் கான்ஸ்டபிள்கள். முதலில் உன் அப்பா உம்மென்று இருந்தார். பிறகு வேகம் பிடித்ததும் பேச்சும் பிடித்துக்கொண்டது. ரொட்டிக் கடை வாசலில் வேன், மரத்தடியில் நாய், பள்ளிக்கூட வேலியோரம் பந்து என்று நுணுக்கமாகச் சொன்னார். எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது பின்சீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே, "சார்ஜென்ட் இடது பக்கத்துக்கு லீவு குடுத்துட்டாரு போல" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், நானும்தான். சிரித்து வாயை மூடுவதற்குள் மருத்துவமனைச் சந்திப்பு வந்துவிட்டது. அவர் வேகத்தைக் குறைத்தார், பார்த்தார், "காலியா இருக்கு, போறேன்" என்று மிதித்தார். இடப்புறம் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஏற்கெனவே பாதி சாலைக்கு வந்துவிட்டாள். என் பக்கம் ஒரு பிரேக் இருக்கிறதே, அதை இரண்டு காலாலும் மிதித்தேன். வண்டி நின்றது. அந்தப் பெண் எங்களைத் திட்டிக்கொண்டே போனாள். அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், திட்டுவதற்கு உயிரோடு இருந்தாளே. உன் அப்பா வெளுத்துப்போய், "எங்கிருந்துடி வந்தா அவ?" என்றார். அவள் எங்கிருந்தும் வரவில்லை பில்யானா. நாங்கள் தெருவில் திரும்பியதிலிருந்து அந்த ஓரத்தில்தான் நின்றிருந்தாள், எங்கள் கண்ணெதிரேதான் சாலையில் இறங்கினாள்.

மதியம் மற்றவர்கள் பீன்ஸ் சூப்புக்குப் போனதும் அவரைப் பழைய விமான ஓடுதளத்துக்கு அழைத்துப் போனேன். வண்டியில் உட்கார்ந்து நேரே பார்க்கச் சொன்னேன். நான் அவருக்கு இடப்பக்கம் பின்னாலிருந்து மெல்ல முன்னால் நடந்து வந்தேன், என்னைப் பார்த்ததும் ஹார்ன் அடிக்க வேண்டும். கதவைத் தாண்டினேன், கண்ணாடியைத் தாண்டினேன், சக்கரத்தைத் தாண்டினேன். கிட்டத்தட்ட முன்விளக்குப் பக்கம் வந்த பிறகுதான் ஹார்ன் ஒலித்தது. காற்று வேறு அள்ளிக்கொண்டு போனது. வீட்டில் அவர் இடது கைப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவதும், அந்தப் பக்கம் நின்று எதையாவது நீட்டினால் வாங்காமல் இருப்பதும், வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன், உன்னிடமும் போனில் ஒப்பாரி வைத்திருக்கிறேன். அவருக்கும் அது புதிதில்லை போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்ச நாளா மங்கலாத்தான் இருக்கு. கழுத்தத் திருப்பிச் சமாளிச்சுக்கிறேன். பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்தான் நெவேனா. வெள்ளிக்கிழமை போகட்டும், அப்புறம் நானே டாக்டர்கிட்ட போறேன். ஸ்தாமென் ஒண்ணும் கேக்க மாட்டான், நீ மட்டும் வாய மூடிக்கோ" என்றார். நம் வீட்டில் உன் அப்பா கெஞ்சி நீ கேட்டிருக்கிறாயா? நானும் அன்றுதான் கேட்டேன்.

நான் வாயை மூடவில்லை. அன்று மாலையே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து அழுதேன், அதையும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை. உன் அத்தை வீடு தேடி வந்து, "ஊருக்கெல்லாம் நல்லது சொல்றேன்னு கட்டின புருஷன் வயித்துல அடிச்சிட்டியே" என்றாள். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் தெம்பில்லை. கட்டியவரை எனக்குத் தெரியும், தள்ளுவண்டிக்காரியைத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். தெரிந்தவர் என்பதற்காகத் தெரியாதவளின் குழந்தையைப் பணயம் வைக்க முடியுமா? முடியாது என்று எழுதுவது சுலபம். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, பேச்சில்லாமல் ரொட்டி மெல்லுவதுதான் கஷ்டம். மிளகாய் சுட்டது அந்த நாட்களில்தான்.

கண் டாக்டரிடம் போகும்போதும் பஸ்ஸில் தனித்தனி சீட்டு. அங்கே ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். டக் டக்கென்று பொத்தான் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பரிசோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து நான் கைப்பையை எடுத்தேன். முடியவில்லையாம், புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தனவாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. இடது கண் ஏறக்குறைய போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. போனது திரும்ப வராது, சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வலி இருக்காது, இருட்டும் தெரியாது, இல்லாத இடத்தை மூளையே பூசி மெழுகி நிரப்பிவிடும், அதனால் யாருக்கும் தெரிவதில்லை என்றும் சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நாட்கணக்கில் பேசாத மனுஷன் வாயைத் திறந்து, "அந்தப் பொண்ணு என்ன கலர் கோட்டு போட்டிருந்தா?" என்று கேட்டார். மஞ்சள் என்றேன். தெருவே பார்க்கிற மஞ்சள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அவருடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அவரை, ரோந்து வண்டிகளுக்கு வழி சொல்லும் ரேடியோ அறையில் போட்டிருக்கிறார்கள். நாற்காலி சரியில்லை, காபி கழுநீர், இளசுகளுக்குத் தெருப்பெயர் தெரியவில்லை என்று தினமும் புகார். புகார் சொல்கிறார் என்றால் பேசுகிறார் என்று அர்த்தம், அதுவே எனக்குப் போதும். மருந்து விடும்போது மட்டும் குழந்தை மாதிரி கண்ணை இறுக்கிக்கொள்கிறார். ஸ்தாமென் வந்தால் முன்போலவே ராக்கியா உண்டு, ஒரு கிளாஸோடு சரி.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நெடுங்காலம் வாழ வேண்டும், கன்னித்தாய் உங்களைக் காக்கட்டும். கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். இன்னொன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த நோய் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும், சின்ன வயதிலேயே கூட வரும் என்று டாக்டர் சொன்னார், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். போன கடிதத்தில் நீ, கார் நிறுத்துமிடத்துத் தூணில் மறுபடியும் உரசிவிட்டேன், போலீஸ் வாத்தியார் வீட்டுப் பிள்ளை மக்கு என்று கேலியாக எழுதியிருந்தாய். நானும் உன் அப்பாவும் அதை உரக்கப் படித்துச் சிரித்தோம். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு. அதற்கு முன்னால் ஒரே ஒரு வரி எனக்கு எழுது மகளே, உரசியது எந்தப் பக்கம்?

உன் பதிலுக்காகத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா
நெவேனா