எக்ஸ்ரேயில் தெரியாத வலி

1974 ஆகஸ்ட் 14, புதன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. பழவேற்காட்டில் இறால் பிடிக்கும் கன்னியம்மா, மூன்று வருட இடுப்புவலியோடு ஆஸ்பத்திரியில் என்னிடம் பிசியோதெரபி பயிற்சிக்கு வருகிறார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். ‘நடிக்கிறாள், பிசியோதெரபி வேண்டாம்’ என்று பெரிய டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார்.

“நான் பொய்யா சொல்லிக்கினு கீறேன்?” என்று கன்னியம்மா கேட்டார்.

“வலி உங்களுக்காம்மா, எக்ஸ்ரேவுக்கா?” என்றேன். வழக்கம்போலப் பயிற்சி கொடுத்தேன். முதன்முறையாகக் கையூன்றாமல் முக்காலியிலிருந்து எழுந்தார். “தோ பாரும்மா, எய்ந்துட்டேன்!”

டாக்டர் எழுதியதற்குக் கீழேயே, ‘வலி உண்மை. சிகிச்சை தொடரும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். “யாரைக் கேட்டு எழுதினே?”

“நோயாளியைக் கேட்டு, சார்.”

மெமோ வருமாம். வரட்டும். கன்னியம்மாவை வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறேன்.